சயாம் லிஸ்டுக்குத் தப்பிய பன்னிரண்டு ஓவியர்கள்

ஓவிய வாத்தியார் வேலைக்கு ஓவியம் தெரிஞ்சிருக்கணும்னு ஒரு கட்டாயமும் இல்ல. தெரியாமலே நான் மூணு மாசம் பார்த்திருக்கேன். நடந்தது ஜப்பான்காரன் காலத்துல, கேமரன் மலையில, ரிங்லெட்டுக்கு மேல இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்துல. "உனக்கு இது தெரியுமா?"ன்னு ஒரு வார்த்தை கேக்காம ஒரு வேலையில தள்ளிவிட்டு, மறுநாள் காலையில நாலு பேரு முன்னாடி நின்னு திருதிருன்னு முழிச்ச அனுபவம் உங்களுக்கும் இருக்குமே? இருந்தா நீங்க நம்ம ஆளு. நெருங்கி உட்காருங்க, சொல்றேன்.

ஏழு தடவை ஐயா

வெள்ளைக்காரத் துரை இருந்த வரைக்கும் நான் தேயிலைப் பெட்டிக்கு நம்பர் எழுதுறவன். பெட்டி மேல தோட்டத்துப் பேரு, எடை, நம்பர், அதுக்குக் கீழ ஒரு யானை. யானைக்குன்னு ஒரு தகடு வெட்டி வச்சிருந்தோம். தகட்டை வச்சு மையைத் தடவுனா யானை விழும். தகடு துருப்பிடிச்சு தும்பிக்கை உடைஞ்சு போனதும் நானே கையால போட ஆரம்பிச்சேன். பார்த்தவனெல்லாம் பன்னின்னான். டீ குடிக்கிறவன் பெட்டியைப் பார்த்தா குடிக்கிறான், போங்கடான்னு விட்டுட்டேன்.

அப்புறம் வெள்ளைக்காரன் மலையை விட்டு இறங்கி ஓடுனான், ஜப்பான்காரன் ஏறி வந்தான். எங்க தோட்டத்துக்கு வந்தவரு வாயில நுழையாத பேருக்காரரு. சோடாப்புட்டி மாதிரி கண்ணாடி போட்டிருந்ததால எங்களுக்கு அவரு கண்ணாடித் துரை. ஒரு நாள் பெக்டரிக்குள்ள வந்தவரு என் பெட்டிங்க முன்னாடி நின்னு, யானையைக் கையால காட்டி, என்னைப் பார்த்து "ஏ!"ன்னாரு. மாட்டைக் கூப்பிடுற மாதிரி கூப்பிடுறானேன்னு எனக்கு எரிச்சல். ஆனா அவரு இடுப்புல நீளமா ஒரு கத்தி தொங்குது. "ஐயா"ன்னு குனிஞ்சேன். மறுபடி "ஏ?"ன்னாரு. "ஐயா." அவரு முகம் மலருது. "ஏ?" "ஐயா." இப்படியே போச்சு. கடைசியில என் தோளைத் தட்டிட்டு அவரு போயிட்டாரு. நான் வேர்த்து நின்னேன்.

எங்க ஆபீஸ்ல கணக்கெழுதுற ஞானப்பிரகாசம் கிராணி ஓடி வந்தாரு. அவரு தானா ராத்தாங்கிற டவுன்ல மூணு மாசம் ஜப்பான் பாஷை படிச்சவரு. அதனால தோட்டத்துக்கும் துரைக்கும் நடுவுல அவருதான் வாய். வந்தவரு தலையில கையை வச்சுக்கிட்டு சொன்னாரு: "'ஏ'ன்னா அவங்க பாஷையில படம்டா முத்தையா! நீ படம் போடுறவனான்னு ஏழு தடவை கேட்டிருக்காரு, உன் 'ஐயா' அவரு காதுல 'ஹை'ன்னு விழுந்திருக்கு, ஹைன்னா ஆமா. ஏழு ஆமாவை என்னால திருப்பி வாங்க முடியாது, நாளையிலருந்து நீ ஓவிய வாத்தியார் லா!"

கோடு போட்டவனும் போடாதவனும்

விஷயம் என்னன்னா, கண்ணாடித் துரை அவங்க ஊர்ல ஏதோ ஒரு பெரிய பல்கலைக்கழகத்துல ஓவியம் படிச்சவரு. முடிக்கிறதுக்குள்ள பட்டாளத்துக்கு இழுத்துட்டாங்க. விட்ட படிப்பை எங்க தோட்டத்துல வச்சு முடிச்சிரணும்னு மனுசனுக்கு வெறி. கொழுந்தை வாட்டப் போடுற மேல்மாடி சும்மா கிடந்துச்சு. டீ வாங்க ஆளில்ல, கொழுந்து எடுக்கவும் உத்தரவில்ல, பாதிக் காட்டை வெட்டி மரவள்ளிதான் நட்டிருந்தோம். அந்த மாடியில ஓவியப் பள்ளிக்கூடம்னு சொல்லிட்டாரு. ஜன்னல் பன்னெண்டு, அதனால மாணவன் பன்னெண்டு. மாணவனா இருக்கிற வரைக்கும் அவன் பேரு சயாம் லிஸ்டுல வராது.

சயாம் லிஸ்டுன்னா என்னன்னு அந்தக் காலத்துல பாலு குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். சயாமுல, அதாவது தாய்லாந்துல, ரயில்பாதை போட ஆள் பிடிச்சாங்க. காலையில பெரட்டுக்கு ஆளுங்க வரிசையா நிக்கும்போது பேரு வாசிப்பாங்க, வாசிச்சவன் லாரியில ஏறணும். ஏறுனவங்ககிட்டருந்து ஒரு கடுதாசி வந்ததில்ல. என் தங்கச்சி செல்லம்மா புருஷன் மாணிக்கத்தோட பேரு அடுத்த லிஸ்டுல இருக்குன்னு கிராணி என் காதுல சொல்லிட்டாரு. மாணிக்கம் கவ்வாத்து வெட்டுறவன், அதாவது கத்தியெடுத்து தேயிலைச் செடியை மட்டமா வெட்டி விடுற வேலை. படத்துக்கும் அவனுக்கும் ஏழாம் பொருத்தம். செல்லம்மா ஆறு மாசப் பிள்ளையை வயித்துல சுமந்துக்கிட்டு என் வீட்டு வாசல்ல வந்து நின்னா. "அண்ணே, அவருக்கு படம் போடக் கத்துக்குடு. இல்லேன்னா நான் செத்தாலும் என் மூஞ்சியில முழிக்காதே"ன்னா. அவ சொன்னா சொன்னதுதான்.

பரீட்சை வச்சாங்க. தோட்டமே மாடிப்படியில நிக்குது. பழைய பெட்டிப் பலகையில கரித்துண்டால ஆளுக்கொரு கோடு போடணும், அவ்வளவுதான். பாய்லர் பார்க்கிற சின்னசாமி அடிக்குச்சி வச்ச மாதிரி ஒரு கோடு போட்டாரு, நானே அசந்துட்டேன். துரை உதட்டைப் பிதுக்கிட்டாரு. மாணிக்கத்துக்கு அன்னிக்கு மலேரியா குளிரு. கை வெடவெடன்னு ஆட, கோடு ஏறி இறங்கி, இறங்கி ஏறி எங்கேயோ போச்சு. துரை கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டுக்கிட்டு, மலைத்தொடர், மலைத்தொடர்னு அவரு பாஷையில சொல்லி அவனை முதல் ஜன்னல்ல உட்கார வச்சுட்டாரு. சின்னசாமியை அடுத்த வாரமே லாரியில ஏத்துனாங்க. ஆனா பரீட்சை முடிஞ்சு படியிறங்கும்போது அவரு போட்ட சத்தம் இருக்கே: "நேரா கோடு போட்டவனுக்கு சயாம், குளிர்ல உதறுனவனுக்குப் பள்ளிக்கூடமா? எனக்கும் யாராச்சும் கொஞ்சம் காய்ச்சல் குடுங்கடா!"

மாடலைத் தின்ன கதை

எனக்குத் தெரிஞ்சது நம்பர். அதைத்தான் சொல்லிக்குடுத்தேன். எட்டுக்கு ரெண்டு காது வச்சா பூனை. ரெண்டுக்கு ஒரு கண்ணு வச்சா வாத்து. சாயத்துக்கு புகைக்கரி, மஞ்சள், பக்கத்து ஊரு பிரிஞ்சாங் தோட்டத்து பீட்ரூட், இது எதுவும் கிடைக்காத அன்னிக்கு கெட்டியாக் காய்ச்சுன டீ. ஒரு வாரத்துல பன்னெண்டு பேரும் வாத்து போட்டாங்க. சுவர் பூரா வாத்து. பெருமையாத்தான் இருந்துச்சு. துரை வந்து பார்த்துட்டு, கிராணி மூலமா, "கண்ணால பார்க்கிற பொருளை வச்சு வரையணும்"னுட்டாரு. என்ன பொருள்னு கேட்டதுக்கு, ஒரு வெள்ளை எனாமல் தட்டுல அவிச்ச மரவள்ளிக்கிழங்கை வச்சு நடுவுல வைக்கச் சொன்னாரு. ஆவி பறக்குது. வச்சுட்டு அவரு ரிங்லெட்டுக்குப் போயிட்டாரு.

நீங்களே சொல்லுங்க. அரிசியைக் கண்ணால பார்த்து மாசக்கணக்காவுது. காலையில வெறும் வயித்தோட வந்த பன்னெண்டு ஆம்பளைங்க, நடுவுல சுடச்சுட கிழங்கு. நான் அந்தப் பக்கம் திரும்பி சாயம் கலக்குனேன், அவ்வளவுதான் என் தப்பு. ஒருத்தன், "இந்த ஓரம் கோணலா இருக்கு, சரி பண்றேன்"னு கொஞ்சம் பிச்சான். அடுத்தவன் வேற ஓரத்தை சரி பண்ணான். சரி பண்ணிக்கிட்டே போனா என்ன மிஞ்சும்? முதல் ஜன்னல்ல உட்கார்ந்த மாணிக்கத்துக்கு அன்னிக்குன்னு பார்த்து பென்சில் முனை உடைஞ்சு போச்சு. சீவிக்கிட்டே இருந்தவன் நிமிர்ந்து பார்த்தா தட்டு பளபளன்னு இருக்கு.

சாயங்காலம் படங்களை வரிசையா வச்சுப் பார்த்தேன். ஒருத்தன் முழுக் கிழங்கு, ஒருத்தன் முக்கால், ஒருத்தன் பாதி, இப்படியே தேய்ஞ்சு வந்து மாணிக்கம் பலகையில ஒரு வட்டம். வெறும் வட்டம். "அடப்பாவி, இதைக் காட்டினா உன்னை லாரியில ஏத்திருவான்டா, செல்லம்மா என்னை உரிச்சுருவா!"ன்னு கத்தினேன். அவன் கொஞ்சமும் அசராம சொன்னான்: "பார்த்ததைத்தான் வரையணும்னு துரைதானே சொன்னாரு மச்சான், நான் பார்க்கிறதுக்குள்ள பயலுங்க முடிச்சுட்டானுங்க, அதான் தட்டை வரைஞ்சுட்டேன்."

ஈ அடிச்ச கண்காட்சி

முதல் கண்காட்சிக்கு தோட்டத்துல எல்லாரும் வரணும்னு உத்தரவு. வராதவனுக்கு அன்னிக்குக் கிழங்கு கிடையாது. அதனால எந்த ஊர்க் கண்காட்சிக்கும் வராத கூட்டம் எங்க கண்காட்சிக்கு வந்துச்சு. கங்காணி விசில் ஊதுனா ஒரு படத்து முன்னாடியிலருந்து அடுத்த படத்துக்கு நகரணும். விசில் ஊதறதுக்கு முன்னாடி நகர்ந்தா திட்டு, ஊதுன பிறகு நின்னா தள்ளு. மலையடிவாரத்துலருந்து ஒரு பெரிய அதிகாரியும் வந்திருந்தாரு. மாணவனுங்க பன்னெண்டு பேரும் தோள்ல துண்டோட அவங்கவங்க படத்துக்குப் பக்கத்துல விறைப்பா நின்னாங்க.

கண்ணாடித் துரை முழுக் கிழங்குப் படத்துக்கு முன்னாடி நின்னாரு. படத்தைக் கையால காட்டி, சந்தோஷமா "ஈ!"ன்னாரு. படத்துக்காரன் பதறிப்போய் துண்டை எடுத்து படத்து மேல பளார்னு ஒண்ணு வச்சான். ஈயைக் காணோம், கிழங்கு கலைஞ்சு போச்சு. துரைக்கு ஒண்ணும் புரியல. அடுத்த படத்துக்குப் போயி இன்னும் சத்தமா "ஈ! ஈ!"ன்னாரு. ரெண்டு ஈயாம்! அவன் ரெண்டு அடி அடிச்சான். அதுக்கப்புறம் துரை வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே ஆளுக்காள் துண்டை எடுத்துக்கிட்டு அவனவன் படத்தைப் போட்டு சாத்த ஆரம்பிச்சுட்டானுங்க. மஞ்சளும் பீட்ரூட்டும் அந்தப் பெரிய அதிகாரி சட்டை வரைக்கும் தெறிச்சுச்சு. 'ஈ'ன்னா அவங்க பாஷையில நல்லா இருக்குன்னு அர்த்தமாம். கிராணி தொண்டை கிழியக் கத்துறாரு, யாரு காதுல விழுது?

மாணிக்கம் மட்டும் அடிக்கல. வெறும் தட்டுல எந்த ஈ வந்து உட்காரும்னு அவன் கணக்கு. ஆக, முழுசா மிஞ்சுனது அவன் படம் ஒண்ணுதான். துரை அதுக்கு முன்னாடி வந்து நின்னாரு. நின்னாரு, நின்னாரு, நின்னுக்கிட்டே இருந்தாரு. கண்ணாடிக்குள்ள கண்ணு கலங்குது. குனிஞ்சு ஒரு வணக்கம் வச்சுட்டு, அதுதான் முதல் பரிசுன்னுட்டாரு. எனக்குப் போன உசுரு திரும்பி வந்துச்சு. அப்ப வரிசையில நின்ன அஞ்சலைங்கிற கொழுந்து எடுக்கிற அம்மா, விசிலுக்குக்கூட நகராம, இடுப்புல கையை வச்சுக்கிட்டுக் கேட்டுச்சு: "என் வீட்டுத் தட்டும் ஒரு வருஷமா இப்படித்தான் இருக்கு, அதை வந்து பார்த்து ஒருத்தனும் அழ மாட்டேங்கிறானே!"

முதல் பரிசு என்னன்னா

பரிசு என்னன்னு மூணு வாரம் கழிச்சுத்தான் தெரிஞ்சுச்சு. சட்டையில பீட்ரூட் வாங்கிக்கிட்டுப் போன பெரிய அதிகாரி, கோவத்துலயோ சந்தோஷத்துலயோ தெரியல, ஒரு கடுதாசி எழுதிட்டாரு. சயாமுல நடக்கிற மாபெரும் ரயில்பாதை வேலையைப் படமா வரைய ஒரு ஓவியன் வேணும். அடுத்த கண்காட்சியில எது சிறந்த படமோ அதை வரைஞ்சவனை அனுப்பணும். கண்ணாடித் துரைக்குத் தலைகால் புரியல. அவரு பள்ளிக்கூடத்து மாணவனுக்கு எவ்வளவு பெரிய கௌரவம்!

எங்க கணக்கு வேற. நல்லா வரைஞ்சா சயாம். சரி, கேவலமா வரைஞ்சுருவோம்னு பார்த்தா, எல்லாப் படமும் கேவலமா இருந்தா பள்ளிக்கூடத்தை மூடிருவேன்னும் துரை சொல்லியாச்சு. மூடுனா பன்னெண்டு பேரும் சயாம். இந்த மாதிரி ஒரு முடிச்சை எந்த வாத்தியாராச்சும் அவுத்திருக்கீங்களா? நான் அவுக்கல. ஒண்ணு மட்டும் தீர்மானம் பண்ணேன். மாணிக்கம் எந்தக் காரணத்தைக் கொண்டும் நல்லா வரையக் கூடாது. செல்லம்மாவுக்கு அப்ப நாள் நெருங்கிக்கிட்டு இருந்துச்சு. மத்ததை எப்படியாவது சமாளிச்சுக்கலாம்னு நினைச்சேன். எப்படின்னு கேக்காதீங்க.

அன்னியிலருந்து பாடம் தலைகீழ். கை வளையாம வரை, கண்ணை மூடிக்கிட்டு வரை, இடது கையால வரைன்னு சொல்லிக்குடுத்தேன். சும்மா சொல்லக்கூடாது, நல்லா வரையச் சொன்னப்போ ஒரு வாத்துக்குக்கூட கால் வைக்கத் தெரியாத பயலுங்க, கெடுக்கச் சொன்னதும் அழகழகாப் போட ஆரம்பிச்சுட்டானுங்க! ஒருத்தன் இடது கையால போட்ட எருமை இருக்கே, தண்ணி காட்டினா குடிக்கும். பதறிப்போய் அதுக்கு அஞ்சு கால் வச்சேன். எட்டிப் பார்த்துட்டு கிராணி பெருமூச்சு விட்டாரு: "கெடுக்கிறதுக்கும் ஒரு திறமை வேணும் போலருக்கு முத்தையா, நம்ம ஆளுங்ககிட்ட அதுவும் இல்லையே, கஷ்டம்டா, சூசா லா!"

கவ்வாத்துச் செடி

ரெண்டாவது கண்காட்சி அன்னிக்கு காலையில மூடுபனி ஜன்னல் வழியா உள்ளேயே வந்துருச்சு. பதினோரு படம் நாங்க பாடுபட்டுக் கெடுத்தது. அஞ்சு கால் எருமை, கழுத்தில்லாத கங்காணி, வாலைத் தலையில வச்ச குதிரை. கண்ணாடித் துரை ஒவ்வொண்ணா பார்க்கப் பார்க்க முகம் தொங்கிப்போச்சு. பாதியிலயே கிராணிகிட்ட என்னமோ சொன்னாரு. கிராணி என்கிட்ட வந்து, பள்ளிக்கூடம் இன்னிக்கோட சரி, சயாமுக்குப் பேருங்களை எழுதிக்கச் சொல்லிட்டாருன்னாரு. பேனாவைத் திறந்துட்டாரு. பன்னெண்டு பேரும் என்னைப் பார்க்கிறாங்க.

கடைசிப் படம் மாணிக்கத்தோடது. அது என்னன்னு எனக்கே தெரியாது, துணி போட்டு மூடி வச்சிருந்தான். முந்தின நாள் கேட்டதுக்கு, "கவலைப்படாதீங்க மச்சான், கவ்வாத்து வெட்டுன செடி. அதைவிட அசிங்கமா இந்த மலையில என்ன இருக்கு?"ன்னான். நல்ல யோசனைன்னு நானும் விட்டுட்டேன். துணியை எடுத்தான். ஐயோ! இலையே இல்லாத ஒரு தேயிலைச் செடி. வெறும் புகைக்கரி. பத்து வருஷமா அந்தச் செடிங்களைக் குனிஞ்சு வெட்டுனவன், எந்தக் கொம்பு எங்க திரும்பும், எந்த வெட்டு எப்படி ஆறும்னு அவன் கைக்குத் தெரிஞ்சிருக்கு. அடித்தூறு முறுக்கிக்கிட்டு நிக்குது. வெட்டுன ஒரு முனையில மட்டும் ரெண்டு சின்ன முளை. எனக்கு ஓவியம் தெரியாது. ஆனா அந்த முளையைத் தொட்டுப் பார்க்க என் கை தானா நீண்டுச்சு. பாவி, கெடுக்க உட்கார்ந்தவன் மனசைக் குடுத்து வரைஞ்சு தொலைச்சுட்டான்.

துரை படத்துக்கு முன்னாடி குனிஞ்சு பார்த்தாரு. அப்புறம் சிரிச்சாரு. பள்ளிக்கூடம் மூட வேணாம்னாரு. "இதை வரைஞ்சது யாருன்னு கேக்குறாரு"ன்னு கிராணி சொன்னாரு. மாணிக்கம் நெஞ்சை நிமித்திக்கிட்டு ஒரு அடி முன்னால வைக்கிறான், முட்டாப்பய! நான் அவன் கால்ல ஏறி நின்னேன். துரை திரும்பி என்னைப் பார்த்தாரு. அதுவரைக்கும் என்னை அவரு "ஓய்"னுதான் கூப்பிடுவாரு. அன்னிக்கு முதல் தடவையா மரியாதையா, "சென்சே?"ன்னாரு. சென்சேன்னா வாத்தியார்னு பிறகு தெரிஞ்சுது. அப்ப என் காதுல விழுந்தது சுத்தமான தமிழ்: செஞ்சே? நீ செஞ்சியான்னு கேக்குறாரு. எனக்கு ரொம்ப பயமா இருந்துச்சு, அதை மறைக்க மாட்டேன். ஆனா எனக்குப் பெண்டாட்டி இல்ல, பிள்ளை இல்ல. செல்லம்மா முகம்தான் வந்துச்சு. "ஆமாங்க, நான்தான் செஞ்சேன்"னு சொல்லிட்டேன்.

சும்மா இருந்திருக்கலாம் இல்லையா மாணிக்கம்? இல்ல. "பொய்! அது என் படம்! என் மச்சான் அதுல ஒரு குச்சிகூட வரையல!"ன்னு குதிக்கிறான், அழறான், என் சட்டையைப் பிடிச்சு உலுக்குறான். சயாம் அவனுக்கு மறந்தே போச்சு, படம் மட்டும்தான் ஞாபகம். நாலு பேரு சேர்ந்து அவனை மாடியிலருந்து இறக்குனாங்க. என்ன சொல்றான்னு துரை கேட்டாரு. கிராணி ஜப்பான் பாஷையில நீளமா என்னமோ சொன்னாரு. துரை நெகிழ்ந்துபோய் என் தோளைப் பிடிச்சாரு. வெளியில வந்ததும் கிராணி முகத்தைத் துடைச்சுக்கிட்டு சொன்னாரு: "வாத்தியாரைப் பிரியிற துக்கம் தாங்க முடியாம அழறான்னு சொன்னேன், கர்த்தர் என்னை மன்னிக்கட்டும்."

லாரி கிளம்புறப்போ

ரெண்டு நாள் கழிச்சு காலையில லாரி வந்துச்சு. மாணிக்கம் வரல, என் மூஞ்சியில முழிக்க மாட்டேன்னுட்டானாம். கிராணி வந்தாரு. அவருக்கு வேற புதுக் கவலை, இனிமே அவருதான் ஓவிய வாத்தியார். எட்டுக்கு காது வச்சா பூனை, ரெண்டுக்கு கண்ணு வச்சா வாத்துன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுத்தேன். பைபிளுக்குள்ள வச்சுக்கிட்டாரு.

செல்லம்மா வயித்தைத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டு மேட்டுல மூச்சு வாங்க நடந்து வந்தா. துணியில கட்டுன மரவள்ளி ரொட்டியை என் மடியில வச்சா. சூடா இருந்துச்சு. துணி முடிச்சை அவுத்து மறுபடி கட்டுனா. வாய் ஓயாத பொண்ணு, முடிச்சை விட்டு நிமிரவே இல்ல. "ஏதாவது திட்டும்மா"ன்னேன். லாரி உறுமுற சத்தத்துல அவ கத்திச் சொன்னா: "அவரைக் காப்பாத்துன்னு சொன்னேனே தவிர, உன்னைக் குடுத்துட்டு வாங்கிட்டு வான்னு சொன்னேனாடா அண்ணே?"

படம் யாரோடது

சயாமுல யாரும் என்கிட்ட படம் கேக்கல. இறங்குன அன்னிக்கே மண்வெட்டியைக் குடுத்துட்டாங்க. அங்க பார்த்ததை இதுல எழுத மாட்டேன். சிரிக்கலாம்னு உட்கார்ந்தவங்களை நான் அழ வைக்கக் கூடாது. எப்படியோ உசுரு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. சண்டை முடிஞ்சு, ஈப்போ வழியா தாப்பா வந்து, ஒரு காய்கறி லாரியில மலையேறினேன். ரிங்லெட்ல இறங்கும்போது என் எடை ஒரு தேயிலைப் பெட்டி அளவுகூட இருக்காது. தெரிஞ்சவங்களே தெரியாதவன்னு தாண்டிப் போனாங்க.

எங்க குடியிருப்பு வரிசை, அந்த லயத்துக்குப் போற வளைவுல மாணிக்கம் ஒரு பெண் குழந்தையைத் தோள்ல வச்சுக்கிட்டு நின்னுக்கிட்டு இருந்தான். செல்லம்மா மவ, என் மருமவ. பன்னெண்டு பேருல ஒருத்தனையும் லாரி தொடல, கிராணி கடைசி வரைக்கும் பூனையும் வாத்துமா ஓட்டிட்டாருன்னு அப்புறம் சொன்னாங்க. மாணிக்கம் என்னை மேலும் கீழும் பார்த்தான். குழந்தையைக் கீழ இறக்கி விட்டான். என்னை அப்படியே அள்ளிக் கட்டிப்பிடிச்சு, என் கழுத்துல முகத்தைப் புதைச்சுக்கிட்டு, குலுங்கிக் குலுங்கி அழுதான். நானும் அழுதேன். நடுரோட்டுல ரெண்டு ஆம்பளைங்க, எங்களைப் பார்த்து குழந்தையும் அழுதுச்சு. மூக்கை உறிஞ்சிக்கிட்டு அவன் வாயிலருந்து வந்த முதல் வார்த்தை: "மச்சான், இப்பவாவது நாலு பேரு கேக்க சொல்லுங்க, அந்தப் படம் நான் வரைஞ்சது லா!"

பன்னெண்டு மாணவங்க, ரெண்டு கண்காட்சி, உருப்படியா ஒரே ஒரு படம், அதையும் வாத்தியாரே திருடிக்கிட்டுப் போயிட்டான்: எங்க ஓவியப் பள்ளிக்கூடத்தோட மொத்த சாதனையும் இவ்வளவுதான்.